தெய்வானை அக்காவைப் பாடமாக்கின லட்சணம்

செத்துப்போன போராட்டக்காரியைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் ஒரே ஒரு சௌகரியம்தான் உண்டு: அவர் எழுந்து வந்து நம்மை அறைய மாட்டார்.

பள்ளிக்கூட மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கைக் கையில் திணித்து, "ரெண்டே நிமிசம், நல்லதா நாலு வார்த்தை" என்று காது கடிக்கப்பட்டு நொந்துபோனவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

என் பேர் மருதை. பந்தலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற மடுவத்தில் முப்பது வருசம் தராசு பிடித்தவன். படிப்பு, சிலோனில் இரண்டு வகுப்பு, கப்பலில் வந்து இறங்கி இங்கே இரண்டு வகுப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு முழுசு ஆகவில்லை. தெய்வானை அக்கா எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்று நின்று வாங்கியவர். நாங்கள் அதைப் பிள்ளைக்காம்பரா என்போம். இங்கே உள்ளவர்கள் கிரீச் என்பார்கள். அது வந்த பிறகுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள்.

அக்கா போய் இரண்டு வருசம் கழித்துக் மலைக்குக் கீழே, கீழ்நாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு அவர் மேல் திடீர்ப் பாசம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தொடக்கப் பள்ளிகளில் அவர் வாழ்க்கையைப் பாடமாக நடத்துவது, முடிவில் ஒரு நினைவு மண்டபம் திறப்பது. மண்டபத்துக்கு அவர்கள் பிடித்த கட்டடம் எது தெரியுமா? அதே பிள்ளைக்காம்பரா. பிள்ளைகளைக் காலி பண்ணி, அக்கா படத்தை மாட்டி, பூட்டிவிடுவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு கடுகடுக்கிறேன் என்று உங்களுக்கு விளங்காது.

படித்தவர்கள் யாரும் அக்காவைப் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் யாரும் படித்ததில்லை. அதனால் பாடம் நடத்த என்னைப் பிடித்தார்கள்.

கோடிட்ட இடம்

முதல் வகுப்பு எங்கள் எஸ்டேட் பள்ளியில். அக்கா என்னென்ன செய்தார் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை என்னை உட்கார வைத்து, காகிதத்தை எடுத்து, "பிறந்த தேதி சொல்லுங்க" என்றார். "கவாத்து முடிஞ்சு செடி துளிர் விட்ட நேரம்னு அவங்க அம்மா சொல்லும்ங்க" என்றேன். எந்த வருசத்துக் கவாத்து என்று கேட்டார். "அது அங்கிட்டு இருந்த கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். அவரு சிலோன்லயே செத்துட்டாருங்க."

டீச்சர் முகம் வாடிப்போனது. அக்கா எதற்காக நின்றார், யாரை எதிர்த்து நின்றார் என்று ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தவர், முகம் மலர்ந்து சொன்னார்: "குழந்தைகள் தினத்தன்னைக்குப் பொறந்தாங்கன்னு போட்டுக்கறேனுங்க. அந்தத் தேதி பசங்களுக்கு ஏற்கனவே தெரியும், மார்க் கொறையாது."

முழங்கை வரை வளையல்

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் பிரவீன் சார் ஊட்டிக் குளிருக்கு மூன்று சட்டை போட்டுக்கொண்டு வருகிற நல்ல பிள்ளை. அக்காவின் படம் ஒன்றை வரையச் சொல்லி எடுத்து வந்தார். துணியை விலக்கினார். நான் யாரோ என்று நினைத்துக் கும்பிட்டேன். சிவப்பாக, வட்ட முகமாக, பட்டுச்சேலையில் ஒரு அம்மா. கையில் புத்தகம். முழங்கை வரை வளையல். பல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று. எங்கள் அக்கா நிறம் கொழுந்துச் சாக்கின் அடிப்பக்கம். மழைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்கை அவர் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. வெற்றிலை போடாத பல்லை அவர் பல்லென்றே சேர்த்துக்கொள்ள மாட்டார். சொன்னேன். "ஒரு மரியாதை வேணும்ல ஐயா" என்றார் பிரவீன் சார்.

வகுப்பில் மாட்டினார்கள். நாலாம் வகுப்பில் பூல்மணி என்று ஒரு பிள்ளை. ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். தாய் தகப்பன் இரண்டு பேரும் எங்கள் மலையில்தான் வேலை. வந்து மூன்று வருசத்தில் எங்கள் லயத்துத் தமிழை என்னைவிடத் திருத்தமாகப் பேசுகிறாள். படத்தைத் தலை சாய்த்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்: "தாத்தா, இந்தம்மா கொழுந்து பறிச்சா வளையல் செடியில மாட்டிக்காதா?"

உப்புமா மறியல்

அரவேணுவில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஷூவும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்: கேட்டது கிடைக்கிற வரை நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. கை தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

அடுத்த வாரம் வாசலிலேயே ஒரு தாய் மறித்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். மூச்சு வாங்கிற்று. பாடம் கேட்ட மகள் காலைப் பலகாரத் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து மறியல் செய்தாளாம். ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டதாம். உரிமை, சுயமரியாதை எல்லாம் சொல்லித் தரத்தான் வேண்டும், ஆனால் அது மலையில் வேலை செய்கிறவர்களுக்கு என்று முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. கடைசியில் இடுப்பில் கை வைத்துக் கேட்டார்: "ஏனுங்க பெரியவரே, உப்புமா வேண்டாம்னு உக்காரச் சொல்லி அந்தம்மா எந்த எடத்துலீங்க சொல்லியிருக்காங்க?"

முதல் பரிசு

இத்தலாரில் மாறுவேடப் போட்டி. தலைப்பு தெய்வானை அக்கா. பதினோரு அக்காக்கள் வரிசையாக நின்றார்கள். பத்துப் பேர் பட்டுச்சேலை, எல்லாம் அந்தப் படம் செய்த வேலை. ஒரே ஒரு சின்னப் பிள்ளை மட்டும் உருளைக்கிழங்கு மூட்டைச் சாக்கை இடுப்பில் கட்டி, கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்தது. நடை கூட அக்கா நடை. பன்னிரண்டாவதாக ஒரு பையன் தொப்பி, பூட்ஸ், கையில் பிரம்போடு எஸ்டேட் துரை வேசத்தில் வந்து, பதினோரு அக்காக்களையும் "கெட் அவுட்" என்று அதட்டினான். அரங்கம் அதிர்ந்தது. முதல் பரிசு அவனுக்கு. சாக்கு கட்டின பிள்ளைக்கு ஆறுதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. நடுவரிடம் போய், "இது நியாயமாங்க?" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா வேசமெல்லாம் ரொம்பச் சாதாரணமா இருந்துதுங்க, தொரை வேசத்துலதான் ஒரு உழைப்புத் தெரிஞ்சுது."

ஆறரைக் கிலோ

எங்கள் பள்ளியில் ஒரு வெள்ளிக்கிழமை, சரி, நடந்ததைச் சொல்லிவிடுவோம் என்று என் பழைய தொங்கு தராசைத் தூக்கிக்கொண்டு போனேன். கொக்கி துருப்பிடித்திருந்தாலும் முள் இன்னும் பொய் சொல்லாது.

அப்போது அக்காவின் பெரிய மகள் இரண்டாம் வகுப்பு. கைப்பிள்ளை பிறந்ததும், அதைப் பார்த்துக்கொள்ள அந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அக்காவும் அப்படித்தான் மூன்று தம்பிகளைச் சுமந்து சிலேட்டைத் தொடாமல் வளர்ந்தவர். பிள்ளைக்காம்பரா வேண்டும் என்று ஆபீசில் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். ஒரு வருசம் பார்த்தார்கள். ஒரு நாள் மத்தியானம் எடை போடும்போது, கொழுந்துச் சாக்குக்குப் பதிலாகப் படங்கில் கைப்பிள்ளையைப் படுக்க வைத்து, நாலு முனையையும் தூளி மாதிரி முடிச்சுப் போட்டு, என் தராசுக் கொக்கியில் மாட்டினார். "இதுவும் நான் நாள் முழுக்கச் சுமக்கிறதுதான். நிறுத்து எழுது" என்றார்.

இங்கேதான் என் வெட்கக்கேடு வருகிறது. கொக்கியில் எது தொங்கினாலும் முள்ளைப் பார்த்து நிறுக்கிறது என் கைப்பழக்கம். வாய்ப்பழக்கம் அதைவிட மோசம். ஈரக் கொழுந்துக்குத் தண்ணி என்று அரைக் கிலோ கழிப்பது எங்கள் எஸ்டேட் முறை. பிள்ளை படங்கை நனைத்திருந்தது. நான் பாட்டுக்கு, "ஏழு கிலோ! தண்ணிக்கு அரை கழிச்சு ஆறரை!" என்று கூவிவிட்டேன். எங்கள் மடுவத்துக் கணக்கப்பிள்ளையும் தலை நிமிராமல் அக்கா பேருக்கு நேராக ஆறரை என்று எழுதிவிட்டார். அக்கா இடுப்பில் கை வைத்து, "பெத்த பிள்ளையிலயுமாடா தண்ணி கழிப்பே?" என்றார். மடுவமே சிரித்தது. சிரித்த வேகத்தில் கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். துரை ஜீப்பில் வந்து, "தராசை இறக்கு" என்று என்னைப் பார்த்தார். வரிசை நகரவில்லை, மூன்று நாள் ஒரு கொழுந்தும் எடை ஏறவில்லை. நாலாம் நாள் உர கோடவுனுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிள்ளைக்காம்பரா என்றார்கள்.

சொல்லி முடித்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பூல்மணி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "தொரை இறக்குன்னு சொன்னதும் நீங்க தராசை இறக்கிட்டீங்களா, தாத்தா?"

மனு

இறக்கிவிட்டேன் என்கிற உண்மையை அந்தப் பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன். பெண்டுகள்தான் அதைத் திரும்பத் தூக்கி மாட்டினார்கள். ஆனால் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அச்சில் வந்த பாடப் புத்தகத்தில் நானும் இல்லை, தராசும் இல்லை, துரையும் இல்லை. அக்கா வெள்ளைத் தாளில் மனு எழுதி, இரண்டு கையாலும் பணிவாக நீட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா! பிரவீன் சாரிடம் கேட்டேன். அவர் ரொம்பப் பொறுமையாக விளக்கினார்: "குழந்தையைக் கொக்கியில மாட்டறது பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராதுங்க ஐயா, அதான் மனுவா மாத்திட்டோம்."

நம்ம பிள்ளைகள்

மண்டபத்துக்கு நாள் குறிக்க ஒரு கூட்டம். மேனேஜர், பிரவீன் சார், லயத்துத் தலைவர் சுப்பையா, சாட்சிக்கு நான். பிள்ளைக்காம்பராவில் அப்போது ஏழு கைப்பிள்ளைகள் இருந்தன. ஏழும் ஜார்க்கண்டுக்காரர்களுடையது, பூல்மணியின் தங்கை அதில் ஒன்று. அதுகள் எங்கே போகும் என்று நான் இழுத்தேன். "அவங்க முதுகுல கட்டிக்குவாங்க, அவங்களுக்குப் பழக்கம்" என்றார் மேனேஜர். சிலோனில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரன் என்றார்கள். இவ்வளவும் கேட்டு வளர்ந்த சுப்பையா வாயைத் திறந்து என்ன சொல்வார் என்று பார்த்தேன். பிஸ்கட்டை டீயில் முக்கியபடி அவர் சொன்னார்: "அக்கா வாங்கிக் குடுத்தது நம்ம பிள்ளைங்களுக்கு மருதை, நம்ம பிள்ளைங்கதான் வளந்து திருப்பூருக்குப் போயிருச்சே."

நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தராசை இறக்கின அதே தலை.

வராதவள்

பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்த வாரம் பூல்மணி வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. "அந்தப் பிள்ளை இனி வராதுங்க, பேர் எடுக்கணும்" என்றார் டீச்சர், வருகைப் பதிவேட்டைப் புரட்டியபடி. அன்றைக்குப் பாடம், தெய்வானை அக்காவால் பள்ளிக்குத் திரும்பிய சிறுமிகள். புத்தகத்தில் ஆறாம் பக்கம். நான் அதை நடத்தினேன். நடத்திவிட்டு லயத்துக்குப் போனேன்.

லயத்தின் கடைசிக் காம்பரா, அவள் வீட்டு வாசலில், தங்கையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பிள்ளை அவளில் பாதி இருக்கும். அம்மா மலையில் இருந்தாள். சாலையில் தேங்கின தண்ணியில் காலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே, படத்துக்கு எப்போது மாலை போடப்போகிறார்கள், திறப்பு விழாவுக்கு எல்லாரும் வரலாமா என்று விசாரித்தாள். வரலாம் என்றேன். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "அக்கா மகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துனதுக்கு மூணு நாள் தராசு நின்னுச்சுன்னீங்களே தாத்தா, என்னை நிறுத்துனதுக்கு எத்தனை நாள் நிக்கும்?"

கண்ணாடிப் பெட்டி

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சிவப்பு ரிப்பன், ஷாமியானா, மேலிடத்து விருந்தினர் ஒருவர். என் தராசையும் மண்டபத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால், விருந்தினர் படம் பிடித்துக்கொள்ள வாசலில் மூன்று கம்பை ஊன்றி மாட்டியிருந்தார்கள். துரு போகப் பெயின்ட் வேறு. பள்ளிப் பிள்ளைகள் மனு கொடுக்கும் நாடகத்துக்குப் பட்டுச்சேலையில் நின்றார்கள்.

பூல்மணி பின்பக்கமாக வந்தாள். பை தோளில், தங்கை முதுகில். யாரையும் கேட்கவில்லை. தங்கையை இறக்கி, அம்மாவின் படங்கை விரித்து, நடுவில் படுக்க வைத்து, நாலு முனையையும் முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாகவே விழுந்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. தூக்கப் பலம் போதவில்லை. "தாத்தா, பிடிங்க" என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். முப்பது வருசத்துக்கு முன்னால் ஜீப்பிலிருந்து இறங்கின அதே பார்வை. எஸ்டேட் கைமாறினாலும் பார்வையை விட்டுவிட்டுத்தான் போவார்கள் போல. மாட்டினேன். ஒரு கையை அடியில் கொடுத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். தொண்டை பழைய தொண்டை. "ஒம்பது கிலோ!" என்று கூவினேன்.

பிரவீன் சாருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. எங்கள் மலையில் மத்தியான எடைக்கு மணி கிடையாது; மடுவத்தில் முதல் எடையைக் கூவினால் அதுதான் மணி. கேட்டதும் எந்தத் தேயிலைக் காட்டில் நின்றாலும் இறங்கி வந்துவிட வேண்டும். இப்போது மெசின் தராசு வந்து, கூவுகிற ஆள் இல்லாவிட்டாலும் சூப்பர்வைசர் அதே மாதிரிதான் கூப்பிடுகிறார். என் கூவலைக் கேட்டு மலையில் இருந்த அத்தனை பேரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், கைப்பிள்ளைக்காரிகள் முதுகில் பிள்ளையோடு. வந்து பார்த்தால் தராசில் பிள்ளை. ஒருத்தி சிரித்தாள். அவர்கள் பாசையில் ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒவ்வொன்றையும் கூவினேன். ஏழாவது பிள்ளை இறங்கியதும், பூல்மணியின் அம்மா ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், தன் பிள்ளையை அக்கா படத்துக்குக் கீழே படுக்க வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு வரிசையாகக் குனிந்து வெளியே வந்து மலையேறிவிட்டார்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தப்பட்டிருந்த பிள்ளைக்காம்பரா ஆயா, யாரும் கூப்பிடாமலே உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். விருந்தினர் கத்தரிக்கோலோடு நின்றார். சாவி மேனேஜர் கையில் இருந்தது. ஏழு பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்ட எந்த விதிப் புத்தகத்திலும் இடமில்லை.

பூல்மணி கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். பள்ளிக்கூடப் பக்கம் நாலு எட்டு வைத்தவள், ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரித் திரும்பி நின்று, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள்: "தங்கச்சி நனைச்சிருந்துச்சே, தண்ணி கழிக்கலையா தாத்தா?"

இப்போதெல்லாம் நினைவு மண்டபம் பார்க்க வருகிற பெரிய மனுசர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், பிள்ளைகள் நனைத்த ஈரத்தில் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள், இத்தனை வெள்ளிக்கிழமையில் தெய்வானை அக்காவைப் பற்றி ஒழுங்காக நடந்த பாடம் அது ஒன்றுதான்.